நீங்கள் இல்லாதபோதும் படிக்க வேண்டுமானால்…

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 30 டெய்லர்கள் என் ஒரு சொல்லுக்கு வேலை பார்க்கிறார்கள். 13 வயது மகனோ, நான் இருந்தால் புத்தகத்தோடு உட்காருகிறான். நான் தெருமுனை தாண்டியதும் செல்போனை எடுத்துவிடுகிறான். அதே கண்டிப்பு வீட்டில் ஏன் பலிக்கவில்லை?
– வாசகர், திருப்பூர்

பதில்: லைனில் நீங்கள் ஷிப்ட் முழுக்க நிற்கிறீர்கள். வீட்டில் அப்படி நிற்க முடியாது. கோளாறு அங்கேதான். அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் 10 வயதுச் சிறுவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து முகமூடி செய்யவிட்டார்கள். ஆய்வு 1939-ல் வெளியானது. அதிகாரம் செய்த தலைவர் அறையைவிட்டு வெளியேறினால் வேலை படுத்துவிடும். கலந்து பேசி நடத்தியவர் போனாலும் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. எல்லாம் உங்கள் இஷ்டம் என்று விட்டவரிடம் வேலையே தேறவில்லை.

1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பெற்றோரைக் கவனித்து வகைப்படுத்தியதும் ஏறக்குறைய இதேதான். கனிவில்லாத கண்டிப்பு, கண்டிப்பில்லாத செல்லம், இரண்டும் சேர்ந்தது. மூன்றாவதைத்தான் நாங்கள் வற்புறுத்துகிறோம்.

அது உங்களுக்குப் புதிதல்ல. புது ஹெல்பரை மெஷினில் உட்காரவைத்தால் முதலில் தைத்துக் காட்டுவீர்கள். பிறகு ஒவ்வொரு பண்டிலையும் பிரித்துப் பார்ப்பீர்கள். கை பழகியதும் இடையில் ஒன்றிரண்டு பீஸ், கடைசியில் அவர் பொறுப்பு. ஹெர்சி, பிளான்சர்டு என்ற இரு நிர்வாகவியல் அறிஞர்கள் 1969-ல் இப்படிப் படிப்படியாகப் பொறுப்பை ஒப்படைக்கும் தலைமையை விளக்கியபோது, பிள்ளை வளர வளரப் பெற்றோர் பிடியைத் தளர்த்துவதைத்தான் உவமை காட்டினார்கள். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று நாம் சொல்வதும் அதுதானே!

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் படிநிலை பிள்ளைக்கு அல்ல, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. சைக்கிளில் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவருபவன் கணக்குப் பாடத்தில் முதல் படியில் இருக்கலாம்.

செல்போனில் தொடங்குங்கள். ஷிப்ட் முடிந்த களைப்போடு வேண்டாம். விடுமுறை நாளில் 20 நிமிடம் உட்காருங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அவனே முதலில் சொல்லட்டும். இரவு 9 மணிக்கு மேல் போன் ஹாலில் என்பது போல விட்டுக்கொடுக்க முடியாததை நீங்கள் காரணத்தோடு சொல்லுங்கள். மீறினால் மறுநாள் போன் இல்லை என்பதையும் அப்போதே பேசி, அவன் கையாலேயே எழுதவையுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? ஒருநாள் மீறியதும் கோபத்தில் ஒரு நாள் தண்டனை ஒரு மாதமாகிவிடும். பேசியதற்கு மதிப்பில்லை என்று அவன் அன்றே முடிவுகட்டிவிடுவான்.

கேள்வி: அவர் கண்டிப்பு, நான் செல்லம். இரண்டும் சேர்ந்தால் சமன் ஆகிவிடாதா?
– வாசகி, மதுரை

பதில்: ஆகாது. ஒரே லைனுக்கு இரண்டு சூப்பர்வைசர் எதிரெதிராக உத்தரவு போட்டால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கும்: எதை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பிள்ளை கேட்டவுடன் சரி என்றோ கூடாது என்றோ சொல்லாமல், “அப்பாகிட்ட பேசிட்டு ராத்திரிக்குள்ள சொல்றேன்” என்று சொல்லுங்கள். ராத்திரிக்குள் கட்டாயம் சொல்லியும்விடுங்கள்.