மருந்துப் பாணியும் கித்துள் பாணியும்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு நான்கு வயது. தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்ததால் டொக்டர் 7 நாளுக்கு அன்டிபயோட்டிக் பாணி எழுதித் தந்தார், நாளுக்கு மூன்று தரம். இரண்டாம் நாளிலிருந்து போத்தலைக் குலுக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான். நேற்று அம்மம்மா அவன் கையைப் பிடிக்க, நான் மூக்கைப் பொத்தி ஊற்றினேன். புரைக்கேறி, சாப்பிட்டதையும் சேர்த்துச் சத்தி எடுத்தான். அப்படி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா? பாலில் கலந்து கொடுத்தால் என்ன?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மூக்கைப் பொத்துவதை இன்றோடு விடுங்கள் தங்கச்சி. மூச்சுக்குத் திணறி வாயைத் திறக்கிற பிள்ளைக்கு ஊற்றினால் மருந்து சுவாசக் குழாய்க்குள் போய்விடலாம். நேற்றுப் புரைக்கேறியது அதனால்தான். அதற்காக அம்மாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். எங்கள் காலத்தில் பேதி மருந்து எல்லோருக்கும் அப்படித்தான் உள்ளே போனது. எனக்கு இப்போதும் ஆமணக்கெண்ணெய் மணம் பட்டால் வயிற்றைப் புரட்டும்.

பால் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் 26 வருடம் நின்றவள் நான். வருகிற தாய்மாருக்கெல்லாம் "பாலில் கலக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் என் மூத்தவளுக்கு ஒரு கோப்பைப் பால்மாவில் மருந்தைக் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கோப்பையைத் தள்ளிவிட்டாள். மீதிப் பாலோடு எவ்வளவு மருந்து தொட்டிக்குள் போனது என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை. அதைவிட, அடுத்த நான்கு மாதம் அவள் பாலையே தொடவில்லை. நான் எதைக் கொடுத்தாலும் முதலில் மணந்து பார்ப்பாள். "இது டொபி" என்று சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம். பிள்ளை ஒருநாள் நம்பிவிடும், அப்புறம் நீங்கள் இல்லாத நேரத்தில் அலுமாரியைத் திறந்து அந்த "டொபி"யைத் தேடும்.

அதனால் மகனிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "இது மருந்து, கசக்கும், நாலு மிடறில் முடிந்துவிடும்." பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, அவற்றை நம்ப வேண்டாம். முதலில் அதில் தண்ணீர் நிரப்பி மகன் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மம்மாவுக்கு அவன் மருந்து பருக்கட்டும். அவரும் கொஞ்சம் முகத்தைச் சுளித்து நடித்தால் நல்லது. பிறகு அவனை மடியில் நிமிர்த்தி இருத்தி, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் வைத்து, ஒரு தரத்துக்கு 1 மில்லி மாதிரி மெதுவாக விடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. நாக்கின் நடுவில் அடித்தால் துப்புவான், தொண்டைக்கு நேரே அடித்தால் மறுபடி புரைக்கேறும்.

கசப்புக்கும் வழி இருக்கிறது. கொஞ்சம் முன்பு ஐஸ் பழத்தைச் சூப்பக் கொடுங்கள், குளிரில் நாக்கு விறைத்துச் சுவை மங்கிவிடும். நான் வைத்திருந்த ஆயுதம் கித்துள் பாணி. மருந்துக்கு முன்பு அரைக் கரண்டி, பின்பு அரைக் கரண்டி. அது நாக்கில் ஒட்டிக்கொண்டு கசப்பை நெருங்க விடாது. கலந்துதான் கொடுக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கரண்டி யோகட்டில் கலந்து அப்போதே முடித்துவிடுங்கள். ஆனால் முதலில் பாமசியில் கேளுங்கள். கிளாரித்ரோமைசின் மாதிரிச் சில பாணிகள் புளிப்போடு சேர்ந்தால் முன்னதைவிடக் கசக்கும். கிளாரித்ரோமைசினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது; வேறு சிலவற்றை அங்கேதான் வைக்க வேண்டும். லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தரம் வாசியுங்கள்.

சத்தி எடுத்தால்? பனடோல் கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தால் அதே அளவை இன்னொரு தரம் கொடுக்கலாம். அன்டிபயோட்டிக் என்றால் நீங்களாகக் கொடுக்காமல் எழுதித் தந்த டொக்டரைக் கேளுங்கள். கேட்கும்போது, நாளுக்கு இரண்டு தரம் கொடுக்கிற மருந்துக்கு மாற்றலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு சண்டையாவது குறையும். அவர் ஒன்றும் கோபிக்கமாட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வயது ஐந்து. பனடோல் பாணியைத் துப்புகிறாள். பக்கத்து வீட்டில் ஐபுபுரோபன் பாணி இருக்கிறது. தோடம்பழ வாசம், ஆசையாகக் குடிக்கிறாள். அதையே கொடுக்கலாமா?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு எந்தக் காய்ச்சலையும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டெங்கு மாதிரித்தான் பார்க்க வேண்டும். டெங்கு என்றால் ஐபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும், வயிற்றையும் புண்ணாக்கும். கொடுக்கக்கூடியது பரசிற்றமோல், அதாவது பனடோல், ஒன்றுதான். அதுவும் வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு நான்கு தரத்துக்கு மேல் இல்லை. எத்தனை மில்லி பாணியில் எத்தனை மில்லிகிராம் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும். மகளை நிறுத்துப் பார்த்து, போத்தலையும் கையோடு கொண்டுபோய் பாமசியில் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

எவ்வளவு செய்தும் துப்புகிறாள் என்றால் பின்பக்கமாக வைக்கும் பரசிற்றமோல் சப்போசிட்டரி இருக்கிறது. அதை வைத்தால் அந்த வேளைக்குப் பாணி வேண்டாம், இரண்டும் ஒரே மருந்து. கேட்டு வாங்கும்போது "பரசிற்றமோல்" என்ற பெயரைப் பெட்டியில் பாருங்கள். டைக்ளோபினாக்கும் அதே உருவத்தில்தான் வரும், அவசரத்தில் மாறிப்போகும்.

நாளைக்கும் காய்ச்சல் விடாவிட்டால் அது மூன்றாம் நாள், எப்.பி.சி. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்று நோ, விடாத சத்தி, சலம் குறைவது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொரளையில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அந்தத் தோடம்பழப் போத்தலை இன்றே பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆசையாகக் குடிக்கிற மருந்து பிள்ளையின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது.