இரவில் வீட்டில் கச்சேரியும் பழைய பாட்டும் கேட்க நல்ல ஓப்பன்-பேக் ஹெட்போன் எது?

கேள்வியில் மூன்று விவரம் கொடுத்திருக்கிறீர்கள். அதிகம் கேட்பது கர்நாடகக் கச்சேரிகளும் எழுபது, எண்பதுகளின் படப் பாட்டுகளும். கேட்பது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. கையில் 25,000 ரூபாய், அதற்குள் ஆம்ப்ளிஃபயரும் வாங்க வேண்டுமா என்ற குழப்பம். இதில் முதல் விவரம்தான் முக்கியம். எந்த ஹெட்போன் நல்லது என்பதைவிட, உங்களிடம் இருக்கும் ஒலிப்பதிவுகளுக்கு எது பொருந்தும் என்றுதான் பார்க்க வேண்டும். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கடைசியில் யோசித்தேன், அதில் ஒரு ஹெட்போன் அளவுக்குப் பணம் போனது.

நேரடிப் பதில் முதலில்: சென்ஹைசர் எச்டி 600. கிடைத்தால் எச்டி 650. பணம் எட்டவில்லை என்றால் எச்டி 560எஸ். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 600-உம் 650-உம் புதிதாக வாங்கினால் உங்கள் தொகையைத் தாண்டிவிடக்கூடும், ஆனால் பயன்படுத்தியது வாங்கலாம். அதை எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஏன் இவை என்பதற்கு, ஓப்பன்-பேக் என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம். சாதாரண ஹெட்போனில் டிரைவருக்கு, அதாவது ஒலியை எழுப்பும் உறுப்புக்கு, பின்னால் ஒரு மூடிய கிண்ணம் இருக்கும். டிரைவரின் சவ்வு முன்னால் தள்ளும்போது காதுக்கு ஒலி வருகிறது, அதே நேரம் பின்னாலும் அதே அளவு ஒலி போகிறது. மூடிய கிண்ணத்துக்குள் அது முட்டித் திரும்பி வந்து அசல் ஒலியோடு கலக்கும். ஓப்பன்-பேக்கில் பின்பக்கம் வெறும் வலை, அந்த ஒலி வெளியே போய்விடும். அதனால்தான் இவற்றில் பாட்டு காதுக்குள் அடைத்துக்கொண்டு கேட்பதில்லை, அறைக்குள் இருப்பது போல் காற்றோட்டமாகக் கேட்கிறது. இந்த வழியை 1968-இல் சென்ஹைசரின் எச்டி 414 தொடங்கி வைத்தது. மஞ்சள் நிற நுரைப் பஞ்சு வைத்த, கையில் எடுத்தால் கனமே தெரியாத சின்ன ஹெட்போன் அது.

இந்தத் திறப்புக்கு ஒரு விலை உண்டு. தாழ்ந்த சுருதிகளில் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் டைனமிக் வகை (சவ்வும் அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும் கொண்ட வழக்கமான வகை) ஓப்பன்-பேக் ஹெட்போன்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்ல மெல்ல இறங்கும். இன்றைய படப் பாட்டின் அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் இவற்றில் கிடைக்காது. உங்கள் ரசனைக்கு அது பெரிய இழப்பில்லை. மிருதங்கத்தின் கும்கி மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். இடது கையை வழுக்கி அழுத்தும்போது வருமே, அந்த வளைகிற ஒலி. வளைவு முழுதாகக் கேட்கும், கனம் சற்றுக் குறையும்.

சரி, ஒலிப்பதிவுகளுக்கு வருவோம். எழுபதுகளின் பிற்பகுதிக்கு முந்திய தமிழ்ப் பாட்டு கிட்டத்தட்ட எல்லாமே மோனோ. பழைய வானொலிக் கச்சேரிகளும் மோனோ. மோனோ என்றால் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே ஒலி. எந்த ஹெட்போனில் போட்டாலும் அது தலையின் நடுவில்தான் நிற்கும். இணையத்தில் ஓப்பன்-பேக் பற்றித் தேடினால் எல்லோரும் முதலில் சொல்வது சவுண்ட் ஸ்டேஜ், அதாவது ஒலி எவ்வளவு அகலமாக விரிகிறது என்பது. ஏகேஜி கே702, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள எச்டி 800எஸ் எல்லாம் அதற்குப் பெயர் பெற்றவை. மோனோ பதிவில் விரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்பதில் பாதி மோனோ என்றால், அகலத்துக்காகக் கொடுக்கும் பணம் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

இன்னொரு பக்கம், பழைய பதிவு என்றால் டேப்பின் இரைச்சல் கூடவே வரும். நான் முதலில் வாங்கிய ஓப்பன்-பேக் மேல் சுருதிகளைத் தூக்கிக் காட்டும் ரகம். கடையில் புதுப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு தந்தியும் கண்ணாடி மாதிரி தெரிந்தது, மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய கச்சேரியைப் போட்டால் முதலில் கேட்டது இரைச்சல், பிறகு ஜால்ரா, அதற்கும் பின்னால்தான் பாடகர். ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. இருபது நிமிடத்தில் கழற்றி வைக்கத் தோன்றும். புதிய பதிவுகளைக் கேட்பவருக்கு அது அருமையான ஹெட்போன். எனக்குத்தான் பொருந்தவில்லை.

இதே காரணத்தால்தான் பலர் பரிந்துரைக்கும் பேயர்டைனமிக் டிடி 990 புரோவை உங்களுக்கு நான் சொல்லவில்லை. கட்டுமானம் உறுதி, வெல்வெட் போன்ற காதுப் பஞ்சு சுகமோ சுகம். ஆனால் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்கு ஒரு மேடு இருக்கிறது. பழைய பதிவின் இரைச்சலும் உச்சரிப்பின் கூர்மையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

எச்டி 600 1997-இல் வந்தது, இன்றும் உற்பத்தியாகிறது. 2003-இல் வந்த எச்டி 650 அதன் சற்று இதமான வடிவம். இவற்றின் பலம் நடுப் பகுதி, அதாவது மனிதக் குரலும் வயலினும் புல்லாங்குழலும் வாழும் பகுதி. முதல் நாள் போட்டால் ‘இதில் என்ன பெரிதாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். எதுவும் முன்னால் துருத்திக்கொண்டு வராது. ஒரு வாரம் கழித்துப் பழைய ஹெட்போனைத் திரும்ப மாட்டிப் பாருங்கள், அதில் குரல் மூக்கடைத்தது போல் கேட்கும்.

எனக்கு இது உறைத்த இடம் ஒரு வானொலிக் கச்சேரி. பாடகி ஆலாபனையில் ஒரு பிடியைப் பாடி நிறுத்துகிறார். வயலின்காரர் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அரை விநாடி தம்புரா மட்டும் ஓடுகிறது. அந்த அரை விநாடிக்குள், வில் தந்தியில் படும்போது ஒரு சின்ன உரசல், ஸ்வரம் பிறப்பதற்கு முன்னால். பாடகி மூச்சை உள்ளே இழுப்பதும் கேட்கிறது. அந்தப் பதிவை இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன், அதுவரை அந்த உரசலைக் கேட்டதில்லை. அன்று இரவு அந்த இடத்தையே நாலைந்து முறை திருப்பிக் கேட்டேன்.

எச்டி 560எஸ் 2020-இல் வந்தது. 600-ஐவிடக் கீழ்ச் சுருதி இன்னும் ஆழமாக இறங்கும், ஒலியும் கொஞ்சம் அதிகம் விரியும். மேல் பகுதி சற்றுத் தூக்கல்தான், ஆனால் குத்தாது. எண்பதுகளின் ஸ்டீரியோ படப் பாட்டுகள்தான் அதிகம் என்றால் இதையே வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிளானர் வகையில் ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்ஈ-யும் சுந்தராவும் இந்த விலை வட்டாரத்தில் வருபவை. அகலமான மெல்லிய சவ்வு, அதன்மேல் கம்பித் தடம், பக்கத்தில் காந்த வரிசை என்பது பிளானரின் அமைப்பு. கீழ்ச் சுருதி சரியாமல் நேராகப் போகும், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம், கனமாகக் கேட்கும். ஆனால் எடை கிட்டத்தட்ட 370, 390 கிராம். எச்டி 600 சுமார் 260 கிராம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அந்த வித்தியாசத்தைக் கழுத்து சொல்லும்.

ஆம்ப் விஷயம். எச்டி 600-இன் மின்தடை 300 ஓம், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 1 வோல்ட் கொடுத்தால் அது குறைந்தது 97 டெசிபல் சத்தம் தரும். நல்ல யுஎஸ்பி டாங்கிள், அதாவது போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகும் சின்னக் கருவி, 1 வோல்ட் கொடுத்துவிடும். படப் பாட்டுக்கு இது தாராளம். பழைய கச்சேரிப் பதிவுகள் பலவும் தாழ்ந்த அளவில் பதிவானவை, அங்கேதான் டாங்கிளை முழுதாகத் திறந்தும் ‘இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை’ என்று இருக்கும். அதனால் முதலில் ஹெட்போனையும் டாங்கிளையும் மட்டும் வாங்குங்கள். ஒரு மாதம் கேட்டபின் சத்தம் போதவில்லை என்றால் அப்புறம் ஒரு சின்ன மேசை ஆம்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆம்ப் போட்டால் ஹெட்போனின் குணமே மாறிவிடும் என்பார்கள். இந்த விலையில் சத்தம் கூடும், அவ்வளவுதான். உண்மையில் குணத்தை மாற்ற நினைத்தால், ஒவ்வொரு சுருதிப் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி, யாரும் எழுதாத ஒன்று: சீலிங் ஃபேன். ஓப்பன்-பேக் வெளிச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. நம் ஊர்க் கோடையில் ஃபேன் ஐந்தில் ஓடும்போது தம்புராவை மறந்துவிடுங்கள், காற்றின் சத்தம் அதை விழுங்கிவிடும். நான் ஃபேனை இரண்டில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, பத்தரை மணிக்கு மேல்தான் உட்காருவேன். உங்கள் அறையில் அது முடியாது என்றால், உண்மையாகச் சொல்கிறேன், மூடிய ஹெட்போன்தான் உங்களுக்குச் சரி. ஃபேனை வெல்ல வால்யூமைக் கூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். காது போனால் திரும்ப வராது.

உள்ளே கேட்பது வெளியேயும் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் யாராவது தூங்கினால் ஓப்பன்-பேக் வேண்டாம். என் மகள் ஹாலிலிருந்து, “அப்பா, நீங்க கேக்கற பாட்டு இங்க வரைக்கும் வருது, கதவைச் சாத்துங்க” என்பாள், பரீட்சை நாட்களில் குறிப்பாக. அதே திறப்பில் ஒரு வசதியும் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நாள் மாலை மாட்டிவிட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், கழற்றாமலே, “மூணு விசில் ஆச்சுடா, அடுப்பை அணை” என்றார். அழைப்பு மணி, போன், கூப்பிடும் குரல் எதுவும் தவறாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

பராமரிப்பில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். என் முதல் ஹெட்போனில் ஒரு நாள் மிருதங்கம் வரும்போதெல்லாம் வலது பக்கம் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தது. டிரைவர் போய்விட்டது என்றே நினைத்தேன். காதுப் பஞ்சைக் கழற்றி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், மெல்லிய துணிக்கு உள்ளே ஒரே ஒரு நரைமுடி, நுனி சவ்வைத் தொட்டபடி. ட்வீசரால் எடுத்ததும் சரியாகிவிட்டது. கீழ்ச் சுருதியில் அதிர்வு கேட்டால் முதலில் முடியைத் தேடுங்கள். வியர்வைக்குப் பஞ்சு ஒன்றிரண்டு வருடத்தில் தட்டையாகிவிடும், டிரைவர் காதுக்கு நெருங்குவதால் ஒலியும் மாறும். எச்டி 600-இல் பஞ்சு, கேபிள், வலை, தலைப்பட்டைத் திண்டு எல்லாவற்றையும் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே மாற்றலாம். பயன்படுத்தியதை வாங்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். புதிது என்றால் தலையை இறுக்கிப் பிடிக்கும். சில இரவுகள் நாலைந்து தடிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மாட்டி வைத்தால் இளகும்.

பயன்படுத்தியதைச் சோதிக்க உங்கள் மோனோ பாட்டையே எடுத்துப் போங்கள். மெதுவான சத்தத்தில் போட்டால் குரல் நெற்றிக்கு நேராக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே முடிவுக்கு வராமல், ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் சேர்ந்து மறுபக்கம் போனால் கோளாறு ஹெட்போனிலோ கேபிளிலோ இருக்கிறது. சாய்வு அதே பக்கம் நின்றால் பாட்டிலோ டாங்கிளிலோ உங்கள் காதிலோ இருக்கிறது. அப்புறம் கேபிள் செருகும் இடத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள், ஒலி விட்டு விட்டு வரக்கூடாது. கடைசியாக மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று, கொஞ்சம் சத்தமாக. தொப்பியில் ‘கிர்ர்’ இல்லை, பஞ்சு மட்டும் நைந்திருக்கிறது என்றால், புதுப் பஞ்சின் விலையைக் கழித்துப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.