அலை எப்போ வரும், எங்கன வரும்? மணப்பாட்டுக் கரையிலிருந்து சில பதில்கள்

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலிருந்து திருநெல்வேலி மாவட்டம் கூட்டப்புளி வரைக்கும் உள்ள கரையில சர்ஃபிங் பண்ண எந்த நாள் நல்ல நாள், எந்த இடம் நல்ல இடம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

அண்ணாச்சி, எங்களுக்கு லீவு மே மாசம்தான். அப்போ வந்தா அலை இருக்குமா? (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்)

இருக்கும் தம்பி, சில நாள் உங்களுக்குத் தேவையானதுக்கு மேலயே இருக்கும். புதுசா கத்துக்கிட வர்றவங்களுக்கு பிப்ரவரி, மார்ச்தான் என் சிபாரிசு. கடல் சாந்தமா இருக்கும், அலை இடுப்பளவுக்குள்ள இருக்கும், காலையில காத்தே இருக்காது.

ஏன்னு தெரிஞ்சா மத்த மாசங்களை நீங்களே கணக்குப் போட்டுக்கிடலாம். நம்ம கரைக்கு வர்ற நல்ல அலையெல்லாம் இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில, நாற்பது ஐம்பது டிகிரி தெற்குல அடிக்கிற புயல்ல பிறக்குது. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அங்க குளிர் பருவம், புயல் பலம் கூடுது. அதனால அந்த மாசங்கள்ல இங்க அலை பெருசு.

ஆனா அலை பெருசா இருந்தா மட்டும் போதாது, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதுன்னு பாக்கணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காத்து, அதாவது மேற்குப் பக்கத்துலேர்ந்து அடிக்கிற காத்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா புகுந்து, பணகுடி, ராதாபுரம் காத்தாடிகளைச் சுத்திவிட்டுட்டு நம்ம கடலுக்குப் போவுது. அதாவது நிலத்துலேர்ந்து கடலுக்கு. எதிர்க்காத்து வாங்குற அலை சட்டுனு சரியாது, முகம் செங்குத்தா, வழவழன்னு நிக்கும். அதே மாசங்கள்ல கேரளாவுல அந்தக் காத்து கடல்லேர்ந்து கரைக்கு அடிச்சு அலையைக் கலைச்சுப் போடும். வர்க்கலாவுல ஆள் இறங்காத நாள்ல இங்க கடல் கோடு போட்ட மாதிரி வரும். இலங்கையில கிழக்குக் கரை அருகம்பே இந்த மாசங்கள்ல பேர் வாங்குறதுக்கும் இதேதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: ஆடிக்காத்து உங்களையும் போர்டையும் சேர்த்து ஆழத்துக்குத் தள்ளும். அந்த மாசங்கள்ல தனியா இறங்கவே கூடாது.

நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் வாடை. கடல்லேர்ந்து சாய்வா அடிக்கும், அலை கலைஞ்சு கிடக்கும். அப்போ நான் யாரையும் வரச் சொல்றதில்ல.

அலை கணிப்பு ஆப்ல ‘1.2 மீட்டர், 15 வினாடி’ன்னு போட்டிருக்கு. இன்னொரு நாள் ‘1.2 மீட்டர், 6 வினாடி’. ரெண்டும் ஒண்ணுதானே? (வள்ளியூர்)

இல்லவே இல்ல. இதை ஒண்ணை மட்டும் மனசுல வாங்கிக்கிட்டாலே பாதி சர்ஃபிங் தெரிஞ்ச மாதிரி.

அந்த வினாடிங்கிறது ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவுல உள்ள நேரம். 6 வினாடின்னா பக்கத்துக் காத்து கிளப்பின அலை. நெருக்கி நெருக்கி வந்து மூச்சுவிட விடாது, பலமும் கிடையாது. 15 வினாடின்னா தூரத்துப் புயலோட அலை. ஒரே உயரம்னாலும் இதுல பலம் ரெண்டரை மடங்கு. ஆழம் குறையக் குறைய இது எழும்பும். கடல்ல 1.2 மீட்டர்னு சொன்னது கரையில தலைக்கு மேல வரலாம்.

வேகமும் அப்படித்தான். வினாடியை 2.8ஆல பெருக்குங்க, அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும்னு தோராயமா கிடைக்கும். 16 வினாடி அலை 45 கிலோமீட்டர். தென்கோடிப் புயல் நமக்கு 6,000 கிலோமீட்டர் தள்ளின்னு வச்சா, அஞ்சரை நாள் கழிச்சு மணப்பாட்டுல. அதனாலதான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே அலையைக் கணிக்க முடியுது. காத்துக் கணிப்பை மட்டும் முந்தின நாள் ராத்திரி மறுபடி பாருங்க, அது மாறும்.

ஆப்ல போடுற உயரம், மொத்த அலைகள்ல பெருசா உள்ள மூணுல ஒரு பங்கோட சராசரிதான். அதைவிட ஒன்றரை, ரெண்டு மடங்கு அலை நடுவுல வரத்தான் செய்யும்.

ஆப் இல்லாமலும் பாக்கலாம். மணப்பாட்டுல திருச்சிலுவைக் கோயில் இருக்கிற மேட்டுல ஏறி நில்லுங்க. கடல்ல வலை மிதவை ஒண்ணைப் பிடிச்சுக்கிடுங்க. அது முகட்டுல ஏறுறப்போ எண்ண ஆரம்பிச்சு, பத்து அலை போன நேரத்தைப் பத்தால வகுங்க. பன்னிரண்டு வினாடிக்கு மேல வந்தா போர்டை எடுக்கலாம். காத்துக்கு, ஒரு பிடி காய்ஞ்ச மணலைத் தோள் உயரத்துலேர்ந்து விடுங்க. மணல் கடல் பக்கம் சாய்ஞ்சா நல்ல சகுனம்.

மாமல்லபுரத்துல நல்ல அலைன்னா அன்னிக்கு இங்கயும் நல்லா இருக்குமா? (சென்னையில் வேலை, சொந்த ஊர் திசையன்விளை)

சம்பந்தமே கிடையாது. அங்க கிழக்குலேர்ந்தும் தென்கிழக்குலேர்ந்தும் வர்ற அலையை, நமக்கு வராம இலங்கை மறிச்சுக்கிடும். மன்னார் வளைகுடாவோட வாசல் தெற்கும் தென்மேற்கும் பாத்துத்தான் திறந்திருக்கு. ஆப்ல அலையோட திசை தெற்குன்னு இருந்தா நமக்கு நேரா வருது. தென்மேற்குன்னா கரையை ஒட்டிச் சாய்வா வளைஞ்சு வரணும், அதுக்குள்ள உயரம் குறைஞ்சிரும். மேற்குன்னா ஊருக்கு வந்து அம்மா கையால சாப்பிட்டுட்டுப் போங்க.

தூத்துக்குடியிலேயே சர்ஃபிங் பண்ண இடம் இருக்கா?

இல்ல. அங்கேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, சுத்திலும் பவளப்பாறை. அலை அங்கேயே அடங்கிரும்.

அப்போ எந்த இடம்? திருச்செந்தூர்ல கோயிலுக்கு முன்னாடி அலை நல்லா அடிக்குதே? (ஆழ்வார்திருநகரி)

அங்க வேண்டாம். கீழ பாறை இருக்கு, வத்துற நேரத்துல வெளியவே தெரியும். அதைவிட முக்கியம், ஆயிரக்கணக்கான ஜனம் குளிக்குது, குழந்தைங்க இருக்காங்க. போர்டு ஒருத்தர் மேல பட்டா மண்டை உடையும்.

நான் முதல்ல சொல்றது மணப்பாடுதான். முனை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிறதால, அலை அதைச் சுத்தி வளைஞ்சு வருது. உயரம் கொஞ்சம் குறையும், ஆனா ஒரு ஓரத்துலேர்ந்து ஒழுங்கா உடைஞ்சுக்கிட்டே போவும். அந்த ஓட்டம்தான் சர்ஃபருக்கு வேணும். கருமேனியாறு கடல்ல விழுற பக்கம் மணல் திட்டு இருக்கு. அலை தன் உயரத்தைப் போல ஒண்ணேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும், அதனால திட்டு எங்கயோ அலை அங்க. மழைக்காலம் முடிஞ்சா திட்டு இடம் மாறிரும். போன வருஷம் நின்ன இடத்துல இந்த வருஷமும் நிக்கக் கூடாது, புதுசா பாக்கணும்.

தெற்கே போகப் போக, உவரி தாண்டி, அலை பெருசு. ஆனா பாறை ஜாஸ்தி, பழகினவங்களுக்கு மட்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டின பக்கம் காவல் உள்ள இடம், போகாதீங்க. குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா சமயத்துல ரோட்டுல வண்டி நகராது, அதையும் பாத்துக்கிடுங்க.

என் மகன் பத்தாவது முடிச்சிருக்கான், கத்துக்கிடணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். பயமா இருக்கு அண்ணாச்சி. (திருச்செந்தூர், ஒரு அம்மா)

பயம் நியாயம்தான் தங்கச்சி. நல்லா நீச்சல் தெரியுமான்னு முதல்ல பாருங்க. கிணத்துல நீந்தினது போதாது. கத்துக்கொடுக்குற ஆள் கூடவே தண்ணியில நிக்கணும்.

உயிரை எடுக்கிறது இழுவைதான். கரைக்கு வந்த தண்ணி திரும்பக் கடலுக்குப் போக ஒரு வாய்க்கால் எடுத்துக்கிடும். அந்த இடத்துல அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணி கலங்கலா, அமைதியா தெரியும். விவரம் தெரியாதவங்க அமைதியா இருக்குன்னு அங்கேயே இறங்குவாங்க. மகனைக் கரையில உக்கார வச்சு, நுரைத் துண்டு எந்தப் பக்கம் நகருதுன்னு கால் மணி நேரம் பாக்கச் சொல்லுங்க. மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையா ஒரு பக்கமா போவணும், போர்டை விடவே கூடாது.

இன்னொண்ணு கள்ளக்கடல். காத்தே இல்லாம, வானம் தெளிவா இருக்கிறப்போ, தென்கோடியிலேர்ந்து நீள அலை திடீர்னு கரை ஏறும். ஏப்ரல், மே மாசங்கள்ல ஜாஸ்தி. 2024 மே மாசம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில கால் நனைக்கப் போன அஞ்சு மருத்துவ மாணவர்கள் போயிட்டாங்க. ஹைதராபாத்துல உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுது, மாவட்டம் பேர் போட்டே வரும். எச்சரிக்கை இருக்கிற நாள்ல மகன் எவ்வளவு கெஞ்சினாலும் விடாதீங்க.

காலையா, சாயங்காலமா? ஓதம் (கடல் ஏத்தவத்தம்) பாக்கணுமா? (நாங்குநேரி)

காலை. விடிஞ்சு ரெண்டு மூணு மணி நேரம் தரைக்காத்து, இல்லன்னா காத்தே இருக்காது. பதினோரு மணிக்கு மேல கடல்காத்து ஏறிரும். நம்ம பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்ளதான். ஆனா திட்டு மேல அரை மீட்டர் தண்ணியே பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமி பக்கம் அது கூடும். அலை கரையில வந்து தொப்புன்னு விழுந்தா தண்ணி ஜாஸ்தி, ரெண்டு மணி நேரம் பொறுங்க.

மீன்பிடிக்கிறவங்க விரட்டுவாங்களா? (அம்பாசமுத்திரம்)

வலை இழுக்குற இடத்துலயும் வள்ளம் இறக்குற வழியிலயும் நின்னா விரட்டத்தான் செய்வாங்க, அது அவங்க பிழைப்பு. அலையில வள்ளம் வர்றப்போ திருப்ப முடியாது, நீங்கதான் விலகணும். இறங்குறதுக்கு முன்னாடி கரையில இருக்கிற பெரியவங்ககிட்ட நீவாடு, அதாவது நீரோட்டம், எப்படி இருக்குன்னு கேளுங்க. எந்த ஆப்லயும் நம்ம கரையோட நீரோட்டம் சரியா வராது, அவங்க அன்னிக்குக் காலையிலதான் அதுல வலை போட்டு எடுத்திருப்பாங்க.