கப்பலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் முடித்துக்கொண்டு, குடும்பத்தில் 14 பேரும் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று நாள் போய்வரலாம் என்று பேசி வருகிறோம். 80 வயது அப்பத்தாவும் வருகிறார். காரைக்குடி டிராவல்ஸ்காரர் ஒருவர், “கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறேன், தலைக்கு 2,500 ரூபாய்” என்கிறார். கொடுக்கலாமா? உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். துறைமுக வாசலைத் தாண்டி ஒருவரை அழைத்துப்போகும் அதிகாரம் எந்த டிராவல்ஸ்காரருக்கும் கிடையாது. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் யார், எதற்காக வருகிறார் என்பது சரிபார்க்கப்பட வேண்டும். பார்வையாளர் என்றால் கப்பல் நிறுவனமே முன்கூட்டிப் பெயர்ப் பட்டியல் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கப்பல் நிறுவனம் கொடுத்த, உங்கள் பெயரும் தேதியும் உள்ள கடிதம். அது வந்தால் மேற்கொண்டு பேசலாம். வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் மதியச் சாப்பாட்டோடு கப்பலைச் சுற்றிக் காட்டிக் கட்டணம் வாங்குகின்றன. பிறகு டிக்கெட் எடுத்தால் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. நீங்களும் அப்படிக் கழிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். அதைப் பார்க்க 14 பேரும் சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏற வேண்டாம். அப்பத்தாவோடு அறையில் தங்கப்போகிறவரும், கணக்குப் பார்க்கிறவரும் போனால் போதும்.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கு போன நம் பாட்டனார்களில் பலர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அறையைப் பார்த்து டிக்கெட் எடுக்கும் யோகம் பேரப்பிள்ளைகளுக்குத்தான் வாய்த்திருக்கிறது; அதைச் சரியாகப் பயன்படுத்துங்கள்.

சுற்றிக் காட்டுகிறவர்கள் முதலில் நடுக்கூடம், அரங்கம், நீச்சல் குளம் என்று அழைத்துப்போவார்கள். நம் ஊர் வீட்டு முகப்பும் வளவும் போலத்தான் அது: கூடம் பரந்து கிடக்கும், படுக்கிற அறை சின்னதாக இருக்கும். பழைய கப்பல்களில் 120 சதுர அடியை ஒட்டிய அறைகள் சாதாரணம். அதில் நால்வர் என்றால் இருவருக்கு மேல்கட்டில், ஏணி வைத்து ஏற வேண்டும். காட்டுவதற்கென்று வைத்திருக்கும் பால்கனி அறையைப் பார்த்து மயங்காமல், நீங்கள் பணம் கட்டப்போகும் அதே வகை அறையைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் சில மணி நேர இடைவெளியில்தான் பெரும்பாலும் விடுவார்கள். துப்புரவு நடக்கிறது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

குளியலறை வாசற்படியின் உயரத்தைப் பாருங்கள். அப்பத்தாவுக்கு அதுதான் முதல் தடை. சக்கர நாற்காலி தேவை என்றால் சாதாரண அறைக் கதவில் அது நுழையாமல் போகலாம். அகலக் கதவுள்ள அறைகள் சிலவே இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘கடல் பார்த்த அறை’ என்றால் ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் விலை குறைய வேண்டும். அறைக்கு மேலே நீச்சல் குளத் தளமோ கீழே அரங்கமோ இருந்தால் தூக்கம் போயிற்று. ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். கட்டிப்போட்ட கப்பலில் நின்று அதை யாரும் உணர முடியாது. “ஆடவே ஆடாது” என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். கடைகளும் சூதாட்டக் கூடமும் துறைமுகத்தில் பொதுவாகப் பூட்டியே இருக்கும். அவற்றைப் பார்க்காமல் வருவதில் நமக்கு நஷ்டமில்லை.

கடைசியாக விலை. கட்டணத்தோடு துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர் அன்பளிப்பு எல்லாம் சேர்ந்ததா, எந்த உணவகத்தில் சாப்பாடு இலவசம், எதற்குத் தனிப் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். விலை குறைந்த டிக்கெட் சிலவற்றில் அறை வகை மட்டுமே உறுதி, அறை எண்ணைப் பிறகு அவர்களே ஒதுக்குவார்கள். அப்படிப்பட்ட டிக்கெட்டில் நீங்கள் பார்த்துப் பிடித்த அறை கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இலங்கைத் துறைமுகம் தொடும் பயணம் என்றால் 14 பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். அப்பத்தாவுக்கு இருக்கிறதா?

கேள்வி: பால்கனி அறை என்று பணம் வாங்கிவிட்டு ஜன்னலே இல்லாத உள்ளறை கொடுத்தார்கள். ‘வழக்கு மும்பையில் மட்டுமே’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்யுங்கள், பல பிரச்சினைகள் அங்கேயே தீர்கின்றன. முன்பதிவுச் சீட்டு, கொடுத்த அறையின் படம், கப்பலில் இருந்தபோதே வரவேற்பில் எழுதிக் கொடுத்த புகாரின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். மூன்றாவது இல்லையென்றால் இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.