ஐசியு நர்ஸ் வேலையில் திருப்தியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. வார்டுக்கு மாறிவிடலாமா?

ஐந்து வருடம் ஐசியுவில் இருக்கிறேன் என்கிறீர்கள். பி.எஸ்ஸி முடித்த கையோடு சேர்ந்திருப்பீர்கள், படிப்புக் கடனும் இன்னும் ஓடும். அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன். வார்டுக்கு மாறாதீர்கள், மருத்துவமனையை மாற்றுங்கள்.

எனக்கு மதுரையில் 13 வருட ஐசியு அனுபவம். முதல் மருத்துவமனையில் ஒரு பெரியவர் 19 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். மயக்க மருந்து ஓடும்போதும் ஒவ்வொரு டூட்டியிலும் காதருகே போய், "ஐயா, இன்னிக்கு வியாழக்கிழமை, காலை எட்டு மணி, உங்க மகன் வெளியதான் இருக்காரு" என்பேன். ராப்பகல் தெரியாமல் கிடந்தால் புத்தி தடுமாறி டியூபையே பிடுங்கிவிடுவார்கள். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைத்து, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் செய்து, முதுகில் ஒரு புண் இல்லாமல் வார்டுக்கு அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து ரிவ்யூவுக்கு நடந்து வந்தார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் நின்றுவிட்டார். "கிழமை சொன்ன பொண்ணு நீதானம்மா?"

அந்த வருடம் எனக்குச் சம்பளத்தில் ஏறியது 400 ரூபாய்.

டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு ரத்தத்தில் ஆக்சிஜன், அமில அளவைக் காட்டும் ஏபிஜி ரிப்போர்ட் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே ஒரு மயக்கவியல் டாக்டர்தான். நான் சொல்வது நிர்வாகத்தை. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். அங்கே நான் மூன்று பேரைப் பார்த்தேன். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லி அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் கீழுள்ள தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தரச் சொன்னது. கையில் வாங்கியவர்கள் எத்தனை பேர்? தீவிர சிகிச்சைக்கென்றே இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேற்படிப்பு வந்திருக்கிறது. அதை முடித்து வந்த என் தோழிக்கும் அதே ஸ்டாஃப் நர்ஸ் பேட்ஜ்தான் கொடுத்தார்கள்.

இதில் கல்யாணத் தரகர்கள் வேறு. என் தங்கையும் நர்ஸ். "நைட் டூட்டி இல்லாத பொண்ணா கேக்குறாங்க" என்று வீட்டுக்குள் உட்கார்ந்தே சொன்னார் ஒருவர். அவர் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால் ராத்திரி யார் பார்ப்பார்கள்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் விஷயம். நான் மருத்துவமனை மாறி இப்போது இருக்கும் இடத்தில் அதே வேலைதான், ஆனால் இரண்டு நோயாளிக்கு மேல் தருவதில்லை. ஜூனியர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நீங்கள் விலகும்போது அனுபவச் சான்றிதழில் ஐசியு என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், எத்தனை படுக்கை என்பதோடு. எனக்கு வெறும் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று கொடுத்தார்கள். அதைத் திருத்தி வாங்க ஏழு மாதம் அலைந்தேன்.