அழாதே என்றுதானே சொல்கிறாள்?

வணக்கம். போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை, பாடகி டான் அப்ஷா பாடிய ஆல்பத்தில் கேட்டேன். முதல் பகுதி நகரவே இல்லை, தள்ளிவிட்டேன். இரண்டாம் பகுதியைத் தினமும் தூங்கும் முன் கேட்டு அழுகிறேன், மனம் லேசாகிறது. நண்பர் இதை மலிவான சோகம் என்கிறார். அப்படியா? அடுத்து யாரைக் கேட்கலாம்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பரை விடுங்கள். 1992ல் வந்த அந்த ஆல்பம் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. நிறையப் பேர் வாங்கினால் மட்டமாகத்தான் இருக்கும் என்பவர்களிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது?

என் கோபம் உங்கள் மேல்தான். நானும் கொஞ்ச நாளாக அந்த இரண்டாம் பகுதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பாடுகிறார்கள் என்று பார்த்தீர்களா? போலந்தின் ஸகோபானே ஊரில், நாஜிகளின் ரகசிய போலீஸான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் ஒரு பெண் எழுதிவைத்த வரிகள் அவை. 'அம்மா, அழாதே' என்கிறாள். பிறகு மாதாவிடம் துணை கேட்கிறாள். கீழே தன் பெயர், வயது 18, 1944 செப்டம்பர் 25 முதல் உள்ளே இருக்கிறேன் என்ற குறிப்பு. அவ்வளவுதான். மற்றவர்கள் அந்தச் சுவரில் 'நான் நிரபராதி', 'கொலைகாரர்கள்' என்றெல்லாம் கதறியிருக்க, இவள் மட்டும் பழி கேட்கவில்லை, தனக்காகப் புலம்பவும் இல்லை. அதுதான் தன்னைத் தொட்டது என்று குரெட்ஸ்கியே சொல்லியிருக்கிறார்.

அழாதே என்றவளை வைத்துத் தினம் அழுகிறீர்களே, ஐயா! ஒருநாள் அழுங்கள், எனக்கும் கண் கலங்கியது. தினமும் என்றால் அது தூக்க மாத்திரை.

அதைவிடப் பெரிய தப்பு, முதல் பகுதியைத் தள்ளியது. டபுள் பேஸ்கள், அதாவது வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த ஸ்வர வாத்தியங்கள், மட்டும் அடியாழத்தில் தொடங்கும். போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் ஒன்றுமே கேட்டிருக்காது, நகரவில்லை என்றுதான் தோன்றும். அதே மெட்டை ஒவ்வொரு தந்திக் குழுவாக மேலே மேலே எடுத்துக்கொண்டே போகும். அது அடங்கிய பிறகு, நடுவில் அந்தக் குரல்: மாதா தன் மகனிடம், உன் காயங்களில் எனக்கும் பங்கு கொடு என்கிறாள். பதினைந்தாம் நூற்றாண்டுப் புலம்பல் அது. மூன்றாம் பகுதியில் ஒரு நாட்டுப்பாடல். கலகத்தில் மகனை இழந்தவள், அவன் எங்கே கிடக்கிறானோ என்று தேடுகிறாள். ஆக முதலில் அம்மா பேசுகிறாள், நடுவில் பெண், மறுபடி அம்மா. நீங்கள் அந்தப் பெண்ணை மட்டும் தனியே பிடுங்கி எடுத்துவிட்டீர்கள். இரண்டு வயதில் அம்மாவை இழந்த குரெட்ஸ்கி எழுதியது இது, ஆர்.

அடுத்து யார் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இதைக் கேட்டு முடியுங்கள். முதல் பகுதி சுமார் 26 நிமிடம்தான். நல்ல ஹெட்போனில் கேளுங்கள், நடுவில் வாட்ஸ்அப் பார்க்காதீர்கள்.