சனகெரிப் சொல்லாமல் விட்டது

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். 'தொல்லியல் பைபிளை நிரூபித்துவிட்டது' என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ சுற்றுகிறது. எரிகோவின் மதில் விழுந்த இடத்தைக்கூடக் காட்டுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, எல்லாம் கட்டுக்கதை, இதில் வரலாறே கிடையாது என்கிறான். பிள்ளைகளிடம் நான் எதைச் சொல்ல?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

எரிகோவை முதலில் முடித்துவிடுகிறேன். 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த மதிலைப் பார்த்து, பைபிளில் எரிகோ மதில் விழுந்ததாகச் சொல்லப்படும் யோசுவாவின் காலத்தது இது என்றார். 1950களில் அதே மேட்டை இன்னும் நுணுக்கமாகத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் கார்ஸ்டாங் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு பழையது என்று காட்டிவிட்டார். மறுப்புகள் இன்றும் வருகின்றன, ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் கென்யன் பக்கம்தான். வீடியோக்காரர்கள் கார்ஸ்டாங்கோடு நின்றுவிடுவார்கள், அது அவர்களுக்கு வசதி.

சரி, மகனிடம் வருவோம். அவரைப் பைபிளில் 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை வாசிக்கச் சொல்லுங்கள். எசேக்கியா ராஜாவின் காலத்தில் அசீரிய ராஜா சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா மீது படையெடுத்து வருகிறான். இது கி.மு. 701இல் நடந்தது, இதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் படையெடுத்தவனே எழுதி வைத்திருக்கிறான். அவன் தலைநகரான நினிவேயில் கிடைத்த ஆறு பக்கக் களிமண் பட்டகம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமுக்குள் அடைத்தேன் என்று அதில் ஆப்பெழுத்தில் அடுக்கிக்கொண்டே போகிறான். எல்லாம் சொல்கிறான், எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. தேர்தலில் தோற்றவர் ஓட்டு சதவீதம் கூடியதைப் பற்றியே பேட்டி கொடுப்பாரே, அதே சாமர்த்தியம்.

கப்பக் கணக்கைப் பாருங்கள். பைபிளில் 30 தாலந்து (அக்கால எடை அளவு) பொன், 300 தாலந்து வெள்ளி. பட்டகத்திலும் பொன் 30தான், வெள்ளி மட்டும் 800. ஒருவரை ஒருவர் வெறுத்த இரண்டு அரசவைகள், வேறு வேறு மொழியில் எழுதி, பொன் கணக்கில் ஒத்துப்போகிறார்கள் என்றால் அதைக் கட்டுக்கதை என்று எப்படித் தள்ளுவது? வெள்ளியில் யார் கூட்டினார், யார் குறைத்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்களின் எண்ணிக்கை வேறு விஷயம், அசீரியன் சொல்லும் இரண்டு லட்சத்தையோ, தேவதூதன் ஓர் இரவில் சங்கரித்ததாகப் பைபிள் சொல்லும் 1,85,000ஐயோ வரலாற்றுக் கணக்காக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது யூதாவின் அரணான ஊர்களில் ஒன்றான லாகீஸ். பைபிளில் அந்த ஊர், சனகெரிப் முகாமிட்டிருந்த இடமாக வந்துபோவதோடு சரி, அங்கே நடந்த சண்டையைப் பற்றி விவரமே இல்லை. சனகெரிப்போ நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர்களையே அதற்கு ஒதுக்கியிருக்கிறான். 1840களில் ஆங்கிலேய அகழாய்வாளர் லேயார்ட் தோண்டியெடுத்த அந்தப் புடைப்புச் சிற்பங்களில், மதில் மேலிருந்து தீப்பந்தங்கள் விழ விழ, மதில் இடிக்கும் வண்டியிலிருக்கும் ஒரு சிப்பாய் நீண்ட அகப்பையால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறான், வண்டி எரிந்துவிடக் கூடாதே என்று. இன்னொரு பக்கம் மாட்டு வண்டியில் மூட்டைகள், அவற்றின் மேல் பெண்களும் குழந்தைகளும், ஊரை விட்டுப் போகிறார்கள். கழுவேற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்து கொள்ளையைப் பார்வையிடும் சனகெரிப்பின் முகத்தைப் பிற்பாடு யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள். லாகீசிலேயே தோண்டியபோது அசீரியர்கள் மதில் வரை கல் கொட்டி எழுப்பிய சரிவும் கிடைத்தது, அம்பு முனைகளும் கவண் கற்களும் கிடைத்தன.

தலைநகரைப் பிடித்திருந்தால் அறை முழுக்க எருசலேம் இருந்திருக்கும், லாகீசுக்கு இத்தனை இடம் எதற்கு? பைபிள் எழுதியவருக்கோ எருசலேம் தப்பியதுதான் பெரிய விஷயம், லாகீஸ் எரிந்ததை நீட்டி எழுத அவருக்கு மனமில்லை. யார் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே பாதி வரலாறு வந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இது கண்ணில் படும். எருசலேமை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பதற்கு மண்ணிலிருந்து பதில் கிடைக்கவில்லை. தேவதூதனைத் தோண்டியெடுக்க முடியாது, வரவில்லை என்று நிரூபிக்கவும் மண்வெட்டியால் ஆகாது. அந்த இடத்தில் தொல்லியலை இழுக்காதீர்கள் என்று வீடியோக்காரர்களிடமும் உங்கள் மகனிடமும் சொல்வேன்.

வாலிபர் கூட்டத்துக்கு ஒரு யோசனை. 2 இராஜாக்கள் 18ஐயும் ஏசாயா 36ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான், ஆனால் எசேக்கியா மன்னிப்புக் கேட்டு, ஆலயக் கதவுகளின் பொன்னைக்கூட உரித்துக் கப்பம் கட்டியதைச் சொல்லும் 14 முதல் 16 வரையுள்ள வசனங்கள் ஏசாயாவில் கிடையாது. முதலில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், பிள்ளைகளே தேடிப் பிடிக்கட்டும். ஏன் விட்டிருப்பார்கள் என்று அவர்கள் கேட்கும்போது பட்டகத்தின் 30 தாலந்தை எடுத்து வையுங்கள். மகனையும் கூப்பிடுங்கள், வருவார்.